ஃபுல் இன்ஜின் வேலை

டூவீலர் மெக்கானிக் கடைகளில் இன்ஜின் வேலைக்கு இரண்டு பெயர்கள்தான். ஹெட்டைக் கழற்றி, போரை எடுத்து, பிஸ்டன் மாற்றி மூடினால் ஆஃப் இன்ஜின். அதற்குக் கீழே கை போனால் ஃபுல் இன்ஜின். முதலாவதைக் கடையில் கொஞ்ச காலம் நின்ற பையனே செய்துவிடுவான். இரண்டாவதை எந்தக் கடைக்காரரும் பையன்களிடம் விட மாட்டார். இன்ஜினை பெஞ்சில் படுக்கவைத்து கேஸை இரண்டு அலுமினியப் பாதிகளாகப் பிரிக்கிற நேரத்தில்தான் அவருக்கு டீ தாகம் எடுக்கும். டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் கிராங்க் வெளியே கிடக்கும். எப்படி வந்தது என்று கேட்டால் பதில் வராது.

நான் தொழில் கற்ற கடையும் அப்படித்தான். அதனால் முதன்முதலில் நான் கேஸ் பிரித்தது கடையில் இல்லை, ஜாபர்கான்பேட்டையில் மாமா வீட்டு மாடிப்படிக்கு அடியில். அதற்கு வாய்ப்பு கொடுத்தது 2015 டிசம்பர் வெள்ளம்.

அந்த மாதத்தின் முதல் இரவில் அடையாறு கரை மீறி வந்தபோது மாமாவின் ஆர்எக்ஸ் 100 டேங்க் வரை தண்ணீருக்குள் நின்றது. வடிந்த பிறகு சென்னையில் மெக்கானிக் கடை இருக்கிற தெருவெல்லாம் சேறு பூசிய வண்டிகள். எங்கள் கடையிலும் பிளாட்பாரம் நிறைந்து, எதிர்ச் சுவர் ஓரமும் நிறைந்தது. ஓடினால்தான் சாப்பாடு என்கிற ஆட்களின் வண்டியை முதலில் முடிக்க வேண்டும். மாமா வண்டி முறைக்கு வர எத்தனை மாதம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. "நீயே பாரு மாப்ள. தண்ணியில போனது. வந்தா லாபம், வரலைன்னா நஷ்டமில்ல" என்றார். அவர் அப்படிச் சொன்னாலும் அது அவருடைய கல்யாணத்துக்கு முந்தைய வண்டி.

ஆர்எக்ஸ் 100 பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. ஆனாலும் இந்தக் கதைக்கு வேண்டிய சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து 1985 கடைசியில் கொண்டுவந்த வண்டி. போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ., 98 சிசி, 11 குதிரைத்திறன். 1996-ல் புகை விதிகள் இறுகியபோது நின்றுபோனது. அப்படியென்றால் இன்று சாலையில் இருக்கிற ஆர்எக்ஸ் 100 எதுவானாலும் அதன் கேஸ் அந்தப் பத்து வருடத்துக்குள் வார்த்ததாகத்தான் இருக்க வேண்டும். பிஸ்டன் கிடைக்கும், போர் கிடைக்கும், கிராங்க்கூடக் கிடைக்கும். நல்ல கேஸ் கிடைப்பதுதான் கஷ்டம்.

கியர் ஆயில் நட்டைக் கழற்றினேன். வந்தது பால் டீ நிறத்தில் இருந்தது. தண்ணீரும் ஆயிலும் கலந்தால் அப்படித்தான் வரும். அதைக்கூட இரண்டு மூன்று முறை புது ஆயில் விட்டு வடித்துச் சரிசெய்துவிடலாம். கவலை அதற்குப் பக்கத்து அறையில், கிராங்க் சுழல்கிற இடத்தில்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் என்பது ஆயில் இருக்கிற அறை. டூ ஸ்ட்ரோக்கில் அது ஒரு பம்ப். பிஸ்டன் மேலே ஏறும்போது கேஸுக்குள் அழுத்தம் குறைந்து, ரீட் வால்வு திறந்து, பெட்ரோலும் காற்றும் டூடி ஆயிலும் உள்ளே இழுக்கப்படும். பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை கேஸுக்குள்ளேயே அமுக்கப்பட்டு, போரின் பக்கவாட்டு வழிகளில் மேலேறி எரிகிற இடத்துக்குப் போகும். அந்தக் கலவையில் இருக்கிற ஆயில்தான் கிராங்க் பேரிங்குக்கும் கனெக்டிங் ராடின் பிக் எண்டுக்கும் கிடைக்கிற ஒரே எண்ணெய். ஃபில்டர் கிடையாது, சுற்றிச் சுற்றி வந்து கழுவுகிற ஆயிலும் கிடையாது. உள்ளே போன வண்டல் அங்கேயே இருக்கும். பிக் எண்டில் இருப்பது ஊசி ஊசியான நீடில் பேரிங். அதற்குள் ஆற்றுச் சேறும் துருவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

அந்த மாதம் ஊரெல்லாம் செய்தது என்னவென்றால், பிளக்கைக் கழற்றி, டீசலை ஊற்றி, வண்டியைக் கவிழ்த்துக் கொட்டி, உதைத்து ஸ்டார்ட் செய்வது. பல வண்டிகள் ஸ்டார்ட்டும் ஆயின. ஆளும் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார். அந்த டூ ஸ்ட்ரோக்குகளில் சில மறு வருடமே பிக் எண்டு சத்தத்தோடு எங்கள் கடைக்கு வந்தன. வெள்ளத்தில் மூழ்கிய டூ ஸ்ட்ரோக்கை அலசி ஓட்டுவது வேலை ஆகாது என்பது என் கருத்து. பிரித்தே ஆக வேண்டும்.

வெள்ளம் இல்லாத சாதாரணக் காலத்தில் இந்த முடிவை எடுக்க நிதானம் வேண்டும், ஏனென்றால் பிரிக்கத் தேவையில்லாத இன்ஜின்களைப் பிரிப்பதும் நடக்கிறது. புகை அதிகமாகி, வெளியே ஒழுகாமல் கியர் ஆயில் குறைந்தால் கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் போய்விட்டது, கேஸ் கியர் ஆயிலைக் குடிக்கிறது. ஐடில் தானாக ஏறி இறங்காமல் நின்றால், இன்ஜின் கொதித்தால், மேக்னட் பக்கத்து சீல் வழியாகக் காற்று நுழைகிறது. அதை மேக்னட்டைக் கழற்றி வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். பிக் எண்டுக்கு வேறு சோதனை. போரை எடுத்துவிட்டு, கிராங்கை உச்சிக்குக் கொண்டுவந்து, ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பார்க்க வேண்டும். அந்தத் திசையில் கைக்கு ஆட்டமே தெரியக் கூடாது. பலர் ராடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து "போச்சு" என்கிறார்கள். பக்கவாட்டு ஆட்டம் கம்பெனியே விட்டது. அது இருக்கத்தான் வேண்டும்.

இன்ஜினை ஃபிரேமிலிருந்து இறக்குவது ஒரு ஆள் வேலை. ஆர்எக்ஸ் இன்ஜினைத் தனியாளாகத் தூக்கிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். அதைவிட முக்கியம் அதற்கு முன் செய்தது. வெளியே இருக்கிற மண்ணை டீசலும் பிரஷும் போட்டு, காற்றடித்து, விரல் வைத்தால் கறுப்பு ஒட்டாத அளவுக்குச் சுத்தம் செய்தேன். வெளியில் இருக்கிற ஒரு மணல் பரு கேஸைப் பிரிக்கும்போது உள்ளே விழும்.

ஆயுதங்களில் கட்டாயம் வேண்டியது இம்பேக்ட் டிரைவர். ஜப்பான் வடிவமைப்பு வண்டிகளின் ஸ்க்ரூ தலை பார்க்க நம் ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனால் பள்ளத்தின் வடிவம் வேறு. சாதாரண ஸ்டார் டிரைவர் அடிவரை இறங்காது. பலம் கொடுத்தால் ஏறி வெளியே வரும், தலை ஸ்லிப் ஆகிவிடும். இருபது முப்பது வருடம் திறக்காத ஸ்க்ரூவில் அது நடந்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. இம்பேக்ட் டிரைவரைத் தலையில் உட்காரவைத்துச் சுத்தியால் அடித்தால், அந்த அடியே பிட்டை உள்ளே அழுத்தித் திருப்பவும் செய்யும். மேக்னட்டுக்குப் புல்லர், கிளட்ச் ஹப்புக்கு ஹோல்டர், சர்க்ளிப் பிளேயர் ஆகியவையும் வேண்டும். எல்லாம் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். கிளட்ச் பக்கத்து நட்டைக் கழற்றும்போது கிராங்க் சுற்றாமல் இருக்க, பல்சக்கரங்களுக்கு நடுவில் மடித்த துணியோ பழைய செம்பு வாஷரோ வைப்பார்கள். இரும்பு வைக்கக் கூடாது, பல் உடையும்.

ஸ்க்ரூக்களை டப்பாவில் போடும் பழக்கம் என்னிடம் இல்லை. அட்டைப்பெட்டி மூடியில் கேஸின் வடிவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வைத்தேன். கேஸ் ஸ்க்ரூக்கள் ஒரே தடிமன், ஆனால் நீளம் வேறு வேறு. நீளமானது குட்டையான துளையில் போனால் அடியில் முட்டி அலுமினியத்தைப் பிளந்துவிடும். குட்டையானது நீளமான துளையில் போனால் இரண்டு மூன்று மரையில்தான் பிடிக்கும், அடுத்த முறை இறுக்கும்போது மரை பிடுங்கிக்கொண்டு வரும். இந்த அட்டை இன்னொரு உதவியும் செய்யும். பிரிக்கும் முன் அட்டையில் காலியான இடம் எதுவும் இல்லை என்று பார்த்தால், கேஸில் எந்த ஸ்க்ரூவும் மிச்சமில்லை என்று தெரிந்துவிடும். மேக்னட் பிளேட்டுக்குப் பின்னால் கிரீஸும் தூசியும் மூடிய ஸ்க்ரூக்கள்தான் வழக்கமாக ஒளிந்துகொள்பவை.

இனிதான் கடைக்காரர்கள் டீக்கு அனுப்பும் கட்டம்.

இரண்டு பாதிகளும் சேர்கிற முகத்தைக் கண்ணாடி மாதிரி கடைந்திருப்பார்கள். பசை அதில் பிடித்துக்கொண்டிருக்கும், கூடவே பாதிகளைச் சரியாக நிறுத்துகிற டவல் பின்கள் துருவோ ஆக்சைடோ பிடித்து இறுகியிருக்கும், கிராங்கும் பேரிங்கில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். அவசரக்காரன் இங்கே தட்டை ஸ்க்ரூ டிரைவரை அந்தக் கோட்டில் சொருகிச் சுத்தியால் தட்டுவான். கேஸ் பிரியும், சந்தேகமில்லை. கூடவே அலுமினியத்தில் ஒரு பள்ளமும் விழும். ஆயில் அறையாக மட்டும் இருந்தால் அந்தப் பள்ளம் ஒரு ஒழுகலோடு போய்விடும். இது பம்ப் என்று சொன்னேனே, பம்பில் ஓட்டை விழுந்தால் இழுக்கும் அழுத்தமும் போகும், அமுக்கும் அழுத்தமும் போகும். வெளிக்காற்று நுழைந்து கலவை மெலிந்து பிஸ்டன் ஜாம் ஆகும்.

நான் செய்தது இது. மேக்னட் பிளேட் ஸ்க்ரூ பிடித்திருந்த துளைகள் கேஸில் இருக்கின்றன. தடிமனான ஒரு இரும்புத் தகட்டில் அதே அளவுக்குத் துளையிட்டு, நடுவில் மரை வெட்டி ஒரு பெரிய போல்ட் கொடுத்து, லேத்தில் ஒரு புல்லர் செய்து வாங்கியிருந்தேன். தகட்டைக் கேஸில் பூட்டி, நடு போல்ட்டைத் திருகினால் அது கிராங்க் முனையைத் தள்ளும், கேஸ் இந்தப் பக்கம் வரும். முனை மரை கெடாமல் இருக்க நட்டை ஓரத்தோடு சமமாகத் திருகி வைத்திருந்தேன். கொஞ்சம் திருகுவது, கொட்டாப்புளியால் கேஸின் தடிமனான காதுகளில் சுற்றித் தட்டுவது, இடைவெளி முன்னும் பின்னும் ஒரே அளவில் விரிகிறதா என்று பார்ப்பது. முன்பக்கம் மட்டும் திறந்தால் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் தட்ட வேண்டும். கோணலாக வந்தால் டவல் பின்னும் கியர் ஷாஃப்ட்டும் பூட்டிக்கொள்ளும். ஒரு கட்டத்துக்கு மேல் போல்ட் வலுவாக எதிர்த்தால் எங்கேயோ ஏதோ இன்னும் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கூடுதல் பலம் அதற்குப் பதில் ஆகாது. கை எடுத்துவிட்டு டார்ச் அடித்துச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

முதல் முறை பிரியும்போது வருகிற 'டப்' சத்தத்தில் ஏதோ உடைந்துவிட்டது என்றே தோன்றும். உடைந்திருக்காது, பசை விட்ட சத்தம்தான். மேல் பாதியை உடனே தூக்கிவிடக் கூடாது. கியர் ஷாஃப்ட் முனைகளில் மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஆயில் ஈரத்தில் அவை மேல் பாதியோடு ஒட்டிக்கொண்டு போய், நாம் கவனிக்காத நேரத்தில் தரையில் விழுந்து உருளும். ஒரு விரலை உள்ளே விட்டுத் தடவிக்கொண்டே தூக்கினேன். கியர் பெட்டி அப்படியே அடிப் பாதியில் நின்றது. ஒரு போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் எதையும் தொட்டேன்.

கிராங்கின் வெப் தகடுகளுக்கு இடையில் வண்டல் காய்ந்து பிடித்திருந்தது. பேரிங்கைச் சுற்றினால் 'கரகர' என்றது. பிக் எண்டு வாஷரில் துரு.

கேஸ் பிரிக்கலாம், பேரிங் மாற்றலாம், சீல் போடலாம், எல்லாம் வீட்டில் நடக்கும். கிராங்கைப் பிரித்துச் சேர்ப்பது வீட்டு வேலை இல்லை. ஆர்எக்ஸ் கிராங்க் ஒற்றை இரும்பு இல்லை. இரண்டு வட்டமான வெப் தகடுகளும் நடுவில் ஒரு பின்னும் டன் கணக்கான அழுத்தத்தில் சேர்த்தவை. பின்னை பிரஸ்ஸில் தள்ளி எடுத்து, புது ராடு, புது பின், புது நீடில் பேரிங், பக்க வாஷர்கள் போட்டு மறுபடி அமுக்க வேண்டும். அமுக்கிய உடனே அது நேராக இருக்காது. இரண்டு பக்கத்து ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் சுழல வேண்டும். கோணல் 0.03 மி.மீ.-க்குள் அடங்க வேண்டும் என்பது யமஹா கணக்கு. நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

கிராங்க் வேலை செய்கிற பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பிரஸ் போடுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் டயல் கேஜ் முன்னால். கிராங்கைச் சுற்றுவார், ஊசி ஆடுவதைப் பார்ப்பார், வெப் தகட்டில் ஒரு இடத்தில் சாக்பீஸால் குறி போடுவார், செம்புச் சுத்தியால் அங்கே ஒரே ஒரு அடி, மறுபடி சுற்றுவார். எங்கே அடிப்பது, எவ்வளவு பலத்தோடு அடிப்பது என்பது எந்த மேனுவலிலும் இல்லாத கணக்கு. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஊசியப் பாரு. எந்தக் கடையில வேல குடுத்தாலும் ஊசியப் பாக்காம கிராங்க்க வாங்காத" என்றார். இன்றுவரை அப்படித்தான் வாங்குகிறேன். டயல் காட்ட மறுக்கிற கடைக்கு மறுபடி போவதில்லை.

பேரிங் வாங்குவதில் சிக்கனம் வேண்டாம். அட்டைப்பெட்டி முதல் பேரிங்கில் பொறித்த எழுத்து வரை போலி செய்கிறார்கள், பில் கொடுக்கிற விற்பனையாளரிடமே வாங்க வேண்டும். கிராங்குக்குப் போடுவது சி3 என்று குறித்ததாக இருக்க வேண்டும். கேஸில் இறுக்கமாக உட்கார்ந்து, அதிக ஆர்பிஎம்மில் சூடேறும்போது குண்டுகளுக்கான இடைவெளி குறையும். சி3-ல் அதற்காகவே கொஞ்சம் கூடுதல் இடைவெளி விட்டிருப்பார்கள். சும்மா கையில் வைத்து ஆட்டினால் சாதாரண பேரிங்கைவிடத் தளர்வாகத் தெரியும். அதைப் பார்த்து 'பழசைக் கொடுத்துட்டான்' என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

பழைய பேரிங்கைக் கேஸிலிருந்து அடித்து எடுப்பதும், புதியதை அடித்து இறக்குவதும் கடைகளில் சகஜம். வீட்டில் நேரம் இருக்கிறது, அதனால் சூட்டால் செய்யலாம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 52 மி.மீ. துளை என்று வைத்துக்கொண்டால், 80 டிகிரி கூடினால் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பெரிதாகும். புது பேரிங்குகளை பாலிதீன் உறையில் சுற்றி முந்தின இரவே ஃபிரீசரில் வைத்துவிட்டேன். அத்தை அதைப் பார்த்து என்ன கறி என்று கேட்டார். கேஸை மின்சார அடுப்பில் கனமான தகட்டின் மேல் வைத்து, எல்லாப் பக்கமும் சமமாகச் சூடேற்றினேன். தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று ஓடி ஆவியாகும் பதத்தில் கேஸைக் கவிழ்த்து மரப்பலகையில் ஒரு தட்டு. பழைய பேரிங் தானாக விழுந்தது. குளிர்ந்த புதுசை வைத்ததும் 'டொக்' என்று அடிவரை இறங்கியது. சுத்திக்கு வேலையே இல்லை. கேஸ் ஆறுவதற்குள் வெளி வளையத்தை அமுக்கிப் பிடித்து, முழுக்க உட்கார்ந்ததை உறுதி செய்ய வேண்டும். ஒரே இடத்தில் பிளோ லேம்ப் காட்டுவது வேண்டாம், கேஸ் வளைந்துவிடும்.

மூடுகிற வேலையில் சொல்ல அதிகம் இல்லை. பழைய பசையைத் தின்னரில் ஊறவைத்து பிளாஸ்டிக் துண்டால் சுரண்ட வேண்டும், பிளேடு படக் கூடாது. புதுப் பசை மெல்லிய படலம் போதும். பிதுங்கி உள்ளே விழுகிற துண்டு ஆயில் வழியை அடைக்கும். எல்லா ஸ்க்ரூவும் அட்டையில் இருந்த வரிசையில், நடுவிலிருந்து வெளியே, குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக. மூடியபின் கிராங்க் கைக்குக் கனமாகச் சுற்றினால் பயப்பட வேண்டாம். முனையில் கொட்டாப்புளியால் லேசாக ஒரு தட்டு தட்டினால் பேரிங் இழுவிசை விட்டு நடுவில் உட்காரும். பசை இறுகுவதற்கு முன்பே ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டே நாலு கியரும் விழுகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

கடைகளில் யாரும் செய்யாத ஒரு சோதனையை இங்கே செய்தேன். போரும் ஹெட்டும் பூட்டியபின், கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் டியூப் ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, ஆயில் பம்ப் குழாயைக் கிளிப் போட்டு, பழைய பிளக் ஒன்றைக் குடைந்து அதில் ஒரு குழாயைச் செருகி, அத்தையின் பிபி பார்க்கும் கருவியின் பலூனை அதோடு இணைத்தேன். அந்தக் கருவி 300 மி.மீ. பாதரசம் வரை காட்டும். அது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ, டூ ஸ்ட்ரோக் கேஸைச் சோதிக்கத் தேவையான அழுத்தம் அவ்வளவுதான். பாதரசம் அசையாமல் நின்றால் சீலும் கேஸும் சரி. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் குமிழி இடத்தைக் காட்டிவிடும். இதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்து, பிறகு கார்புரேட்டரில் பழியைப் போட்டு ஜெட் மாற்றுகிறவர்கள்தான் அதிகம். இப்போது என் கடையில் ஃபுல் இன்ஜின் எதுவும் இந்தச் சோதனை இல்லாமல் ஃபிரேமில் ஏறாது. பையன்களும் பக்கத்தில் நின்றுதான் பார்க்கிறார்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் பம்ப் குழாயில் இருக்கிற காற்றை எடுக்க வேண்டும். அதுவரை பேரிங்குக்கு எண்ணெய் போகாது. அதனால் முதல் டேங்கில் லிட்டருக்கு 20 மில்லி டூடி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுவது நல்லது. புகை வரும், வரட்டும்.

மாமா வண்டி இன்றும் ஓடுகிறது. ஆனால் அந்த வெள்ளத்துக்குப் பிறகு விற்பனைக்கு வந்த ஆர்எக்ஸ்கள் நிறையக் கைமாறிவிட்டன. வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பெயின்ட்டையும் குரோமையும் பிறகு பாருங்கள். முதலில் டார்ச் எடுத்துக்கொண்டு குனிந்து, இன்ஜினின் இரண்டு பாதிகளும் சேர்கிற கோட்டைப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் சொருகிய தடம் இருந்தால், யாரோ பலத்தால் பிரித்த இன்ஜின் அது, விலையைக் குறைத்துப் பேசுங்கள். பாதிகள் ஜோடியாகக் கடைந்தவை. ஒரு பாதி பளபளப்பாகவும் இன்னொன்று மங்கலாகவும் இருந்தால் பழைய பாகங்கள் விற்கிற புதுப்பேட்டையில் சேர்த்த ஜோடியாக இருக்கலாம், கிராங்க் நேராக உட்காராது. இன்ஜின் நம்பர் குத்தியிருப்பதும் கேஸில்தான். அது ஆர்சி புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டாலோ, தேய்த்த அடையாளம் இருந்தாலோ, என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.